ரப்பர் மரத்திடம் நான் தவறாகக் கேட்ட பாடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனையைத் தாண்டி மலையோரமாகப் போனால் எங்கள் ஊர். அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டத்தின் மேல்கோடியில் ஏறி நின்றால், மழை இல்லாத காலையில் வெள்ளறடைப் பக்கத்துக் குருசுமலை தெரியும். அது கேரளம், நாங்கள் நிற்பது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை போட்டபோது பாட்டியின் அண்ணன் வீடு அந்தப் பக்கம் போய்விட்டது. மரங்களுக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே ரப்பர், ஒரே மரச்சீனி என்கிற மரவள்ளி, ஒரே மழை.

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு 20 வருஷத்துக்கு மேலாக வேதாகம வகுப்பு எடுக்கிறேன். ஆண்டவர் விதைக்கிறவனையும் அத்திமரத்தையும் காட்டிப் பேசியதுபோல, நம் பிள்ளைகளுக்கு நம் ஊர் மரத்தைக் காட்டிப் பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. திராட்சைச் செடியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் அவர்கள். ஆனால் விடியும் முன்னே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால்வெட்டப் போகிற அப்பாவையோ அம்மாவையோ பார்த்து வளர்ந்தவர்கள். ஆசையில் தப்பில்லை. அதை நான் அவசரமாகச் செய்தேன். அந்த அவசரம் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் போய் விழுந்தது. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

2014-இல் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகைக்குப் பேசக் கூப்பிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ரப்பர் மரம். கையோடு பால் பிடிக்கிற ஒரு சிரட்டையும் பால்வெட்டுக் கத்தியும் கொண்டுபோயிருந்தேன். "இந்த மரத்தைப் பாருங்கள். வெட்ட வெட்டப் பால் கொடுக்கிறது. காயப்படுத்துகிறவனுக்கே வெள்ளை மனதோடு கொடுக்கிறது. நாமும் அப்படி இருக்க வேண்டும்" என்றேன். அடிக்கப்படப் போகும் ஆட்டுக்குட்டிபோல வாய் திறவாமல் பாடுபட்டவரைப் பற்றிய ஏசாயா 53-ஐ வாசித்தேன். பலர் அழுதார்கள். கூட்டம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். நல்ல செய்தி கொடுத்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் பிள்ளைகளைத் தோட்டத்துக்கே கூட்டிவந்து அதே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் மரங்களில் பால்வெட்டியவர் வெள்ளறடைக்காரர், 68 வயசு. அப்பாவின் காலத்திலிருந்தே வருகிறவர் என்பதால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பால் எடுத்துக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மோளே, நீ பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிக்குடுக்க. வெட்ட வெட்டப் பால் தருமா? இங்க வா."

தோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒரு மரத்தருகே கூட்டிப்போனார். வெட்டுப்பட்டை பழுப்பு நிறமாகி வெடித்திருந்தது. பட்டை மேலே முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. கத்தியால் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தார். சொட்டுக்கூட வரவில்லை.

"முன்னே ஒருத்தன் இதை நித்தமும் வெட்டினான். காசு அவசரம் அவனுக்கு. கத்தி தடியில போய் இடிச்சிருக்கு. பால் வறண்டு போச்சு. மரம் நிக்குது, அவ்வளவுதான்."

பிள்ளைகள் அந்தப் புடைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு வாய் அடைத்துப் போனது. இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த மரத்தைத் தாண்டி ஆயிரம் தடவை போயிருப்பேன். பார்த்ததே இல்லை.

அன்றைக்கே அவரிடம் பால்வெட்டு கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். சிரித்தார், ஆனால் கற்றுக்கொடுத்தார். கைக்கு வர நாலு மாதம் ஆனது. கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் மேடையில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த வேலை திருத்தியது.

பால் இருப்பது பட்டையில், அதற்கு உள்ளே இருக்கிற தடியில், அதாவது மரக்கட்டையில், அல்ல. பட்டைக்கும் தடிக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. புதுப் பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும். நல்ல வெட்டுக்காரர் கத்தியை அந்தப் படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்னே நிறுத்திவிடுவார். அதற்குக் கண் போதாது, கைக்குத் தெரிய வேண்டும். ஒட்டுக்கன்றாக நட்ட மரம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வருகிறவரை கத்தி படக்கூடாது. அதற்கு ஏழு வருஷம் ஆகும். வெட்டும்போதும் மரத்தைச் சுற்றிப் பாதி அளவுதான் வெட்டலாம், மறுபாதி சும்மா இருக்க வேண்டும். இன்று வெட்டினால் நாளை ஓய்வு. இலை உதிர்ந்து தளிர்க்கிற நாட்களில் கத்தியைச் சுவரில் மாட்டிவிடுவோம்.

அப்புறம், பால் ஏன் வடிகிறது? மரம் நமக்குக் கொடுப்பதற்காக அல்ல. பூச்சியைத் தடுக்கவும் காயத்தை அடைக்கவும் மரம் வைத்திருக்கும் மருந்து அது. இரண்டு மூன்று மணி நேரத்தில் வெட்டின வாயிலேயே பால் உறைந்து ஒட்டுப்பாலாகிக் காயத்தை மூடிவிடும். மறுமுறை வெட்டும்போது அந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, மூடின காயத்தை நாம் மறுபடி திறக்கிறோம். நான் எதைக் கொடை என்று மேடையில் சொன்னேனோ, அது மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் முயற்சி.

ஒரு நாள் விடியற்காலையில், தலைவிளக்கு வெளிச்சத்தில் பால் கோடு இறங்கி சிரட்டையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோவான் 10-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தம் ஜீவனை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், தாமே அதைக் கொடுக்கிறதாக ஆண்டவர் சொல்கிறார். சிலுவையில் அவர் கொடுத்தார். மரம் கொடுக்கவில்லை, நாம் எடுக்கிறோம். இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் அத்தனை பெண்களுக்கு முன்னால் பேசியிருக்கிறேன். அந்த மரத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம் மரத்துக்கு உரியதே அல்ல, கத்தி பிடிக்கிற கைக்கு உரியது. எவ்வளவு ஆழம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் எடுக்கிறவனிடம் கேட்கப்படும் கணக்கு. மோசேயின் நியாயப்பிரமாணம் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறது, ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா விடு என்கிறது. அந்தக் கட்டளைகள் மாட்டுக்கோ நிலத்துக்கோ சொல்லப்படவில்லை, அவற்றின் பலனை எடுத்துக்கொள்கிறவனுக்குச் சொல்லப்பட்டன.

இதெல்லாம் எனக்குப் புரிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அவள் வந்தாள்.

என்னைவிட வயதில் இளையவள், சபையில் பின்வரிசையில் உட்காருகிறவள். ஒரு சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க ரப்பர் மரத்தப் பத்திச் சொன்னீங்கல்ல, அதத்தான் நெனச்சு நெனச்சுப் பொறுத்துக்கிட்டேன். இப்ப பிள்ளையையும் அடிக்கான்."

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஒன்றரை வருஷம் அவள் என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். நான் அவளை மனதில் வைத்துப் பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடத்தில் அடிபடுகிற பெண் ஒருத்தியாவது உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னது தப்பு, மரத்தைப் பற்றியும் தப்பு, ஆண்டவரைப் பற்றியும் தப்பு என்று சொன்னேன். அன்று இரவு அவள் எங்கள் வீட்டில் படுத்தாள். மறுநாள் அவளுடைய அம்மாவின் வீட்டுக்கு, பனச்சமூட்டுப் பக்கம், நானே கூட்டிப்போய் விட்டேன். பிறகு மகளிர் காவல் நிலையத்துக்கும் கூடப் போனேன். போகிற வழியில், காய்ந்துபோன அந்த மரத்தைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அதற்குப் பிறகு இயற்கையிலிருந்து பாடம் சொல்வதை நான் நிறுத்திவிடவில்லை. நிறுத்த மனம் வரவில்லை. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் ஆகாயத்துப் பட்சிகளையும் காட்டுப்புஷ்பங்களையும் பற்றிப் பேசும்போது இரண்டு இடத்திலும் நம் வேதாகமம் "கவனித்துப்பாருங்கள்" என்கிறது. எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் தாண்டிப் பூவுக்கு ஓடிவிடுவேன், பூவிலிருந்து கருத்துக்கு ஓடிவிடுவேன். கவனிப்பது ஒரு வேலை, அதற்கு நாள் பிடிக்கும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் பொருளானாலும் குறைந்தது ஏழு நாள் பார்ப்பேன். பார்த்ததை மட்டும் பழைய நோட்டில் எழுதுவேன், அர்த்தத்தை எழுதமாட்டேன். அந்தப் பொருளைக் கொண்டு பிழைக்கிற ஒருவரிடம் போய்க் கேட்பேன். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடற்கரைக்காரரிடமும், பானையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேளாரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் பாதி நம் செய்தியைக் கலைத்துப் போட்டுவிடும். கலையட்டும். கடைசியாக, பேசுவதற்கு முந்தின இரவு, இதைக் கேட்கப் போகிறவர்களில் ரொம்பவும் நொந்திருக்கிறவர் யார், இந்த வார்த்தை அவர்மேல் எப்படி விழும் என்று யோசித்து ஜெபிக்கிறேன். பதில் தெரியாவிட்டால் அந்தச் செய்தியைச் சொல்வதில்லை.

பிள்ளைகளிடமும் கேள்வியை மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டோம்?" என்பேன். எல்லாரும் ஒரே குரலில் "இயேசுவை நேசிக்கணும்" என்பார்கள். இப்போது பத்து நிமிஷம் பார்க்கவிட்டு, "என்ன பார்த்தே?" என்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை மரச்சீனி விளையில் நின்றுகொண்டு, கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் கொடுக்கும் என்ற வசனத்துக்கு வாய் திறந்தேன். ஒரு பையன், "டீச்சர், மரச்சீனிக்கு நாம விதை போடலியே, கம்புதானே ஒடிச்சு நடுவோம்" என்றான். சரிதானே! அன்றைக்குக் கோதுமையை விட்டுவிட்டு, ஒடித்த கம்பு எப்படி வேர் விடுகிறது என்று பார்க்க ஆளுக்கொன்று நட்டோம். மூன்று வாரம் தினமும் தோண்டிப் பார்த்ததில் பாதிக் கம்புகள் செத்துப்போயின. அதுவும் அவர்கள் பார்த்ததில் சேர்த்தி.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். எங்கள் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் வைத்திருந்த எல்லாருக்கும் அந்த நாள் நினைவிருக்கும். எங்கள் தோட்டத்தில் மட்டும் 31 மரங்கள், பெரும்பாலும் இடுப்பு உயரத்தில் ஒடிந்து கிடந்தன. கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த வாரம் ஜெபக்கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆழமாக வேர் விட்ட மரம் நின்றது, மற்றது விழுந்தது என்று சொன்னால் எல்லாரும் ஆமென் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்திருந்தேன். நின்ற மரங்கள் பாறைக்குப் பின்னால் காற்றுப் படாமல் இருந்தவை. ஒடிந்தவற்றில் நல்ல வேர் பிடித்த மரங்களும் இருந்தன. வேர் அசையவில்லை, தடிதான் முறிந்திருந்தது. எழுந்து அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒருவர், கடலோரத்துக்காரர்களுக்கு இது தேவ எச்சரிப்பு என்று ஆரம்பித்தார். எங்கள் ஆயர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு லூக்கா 13-ஐத் திறந்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று உங்களுக்குச் சொல்லுகிறேன் என்கிற இடம். வாசித்து முடித்து, ஆளுக்கு எவ்வளவு அரிசி கொண்டுவர முடியும் என்று கேட்டார். மறுநாள் காலையில் ஒரு டெம்போ கடற்கரைக்குப் போனது. நானும் போனேன். அங்கே யாரிடமும் எந்தப் பாடமும் சொல்லவில்லை. மீன் காயப்போடுகிற மணலில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் மத்தியானம் வரை இருந்தேன்.

வீட்டுக்கு வந்து லூக்கா 13-ஐ மறுபடி வாசித்தபோது, கோபுரத்தைப் பற்றிச் சொன்ன மூச்சிலேயே ஆண்டவர் காய்க்காத அத்திமரத்தின் கதையைச் சொல்வதைக் கண்டேன். வெட்டிப்போடு என்கிறான் எஜமான். தோட்டக்காரன் கெஞ்சுகிறான்: "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்." சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். எனக்கு வெள்ளறடை மாமாவின் முகம்தான் வந்தது. அந்தக் காய்ந்த மரத்தை விறகுக்கு விற்றுவிடலாம் என்று நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "கிடக்கட்டும் மோளே, ரெண்டு வருசம் கத்தி வைக்காம விட்டுப் பாப்போம். சில மரம் தேறும். சிலது தேறாது" என்றார். புயலில் அது விழவில்லை. பாறைக்குப் பின்னால் நின்றதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

தேனீக்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மார்த்தாண்டத்துக்காரர்களுக்குத் தேன் என்றால் பரம்பரைத் தொழில். 1920-களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.-வின் கிராம மறுசீரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே நடத்தியபோது ஏழை வீடுகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பாவும் 12 பெட்டி வைத்திருந்தார். 1990-களின் தொடக்கத்தில் வந்த நோயில் புழுக்களெல்லாம் பைபோல வீங்கிச் செத்து, பெட்டிகள் காலியாகின. காலிப் பெட்டிகள் விறகுப்புரையில் வெகுகாலம் கிடந்தன.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் இலையெல்லாம் உதிர்ந்து தோட்டம் எலும்புக்கூடு போல நிற்கும். பிறகு செந்நிறத் தளிர் வரும். ஒரு காம்பில் மூன்று இலை சேருகிற முடிச்சில், இளம் இலையில் மட்டும், தேன் கசியும். தேனீக்கள் அந்த முடிச்சுக்குத்தான் வருகின்றன. இலை முற்றியதும் கசிவு நின்றுபோகும். சில வாரங்கள்தான். கத்தியைச் சுவரில் மாட்டி, மரத்தைச் சும்மா விட்ட அதே நாட்களில் இது நடக்கிறது. இதை வைத்து ஒரு செய்தி எழுத எனக்குக் கை பரபரத்தது, ஒத்துக்கொள்கிறேன். நோட்டில் மூன்று வருஷமாகப் பார்த்ததைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பனச்சமூட்டுப் பக்கம் போனவள் இப்போது அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். பயிற்சிக்குப் போய்த் தேனீ வளர்ப்பு கற்றுக்கொண்டாள். விறகுப்புரையில் கிடந்த அப்பாவின் பெட்டிகளில் கெடாத நாலைத் துடைத்துக் கொடுத்தேன். மழைக்காலத்தில் கூட்டங்கள் பட்டினி கிடக்காமல் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றி, இலை தளிர்க்கும்போது எங்கள் தோட்டத்துக்கே பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிறாள். எங்கே வைக்கலாம் என்று அவளையே பார்க்கச் சொன்னேன். அவள் தேர்ந்தெடுத்தது கீழ்ப்பக்கம், பாறையின் மறைவு. அங்கே நிற்கிற, பால் வறண்ட அந்த மரத்தை மாமா போனபின்னும் நான் வெட்டிப்போடவில்லை. பால் திரும்பவில்லை, ஆனால் வருஷா வருஷம் தளிர்க்கிறது.

போன பிப்ரவரியில் ஒரு காலை, இருவரும் அதன் அடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் மகள் இப்போது நாலாம் வகுப்பு. தலையை அண்ணாந்து ஒவ்வொரு முடிச்சிலும் உட்காருகிற தேனீயை எண்ணிக்கொண்டிருந்தாள். 40 வரை எண்ணினாள், விட்டுப்போனது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா பிளாஸ்கிலிருந்து பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே நாங்களும் எண்ணினோம்.